பழைய ரயிலை ஓட்டினால்தான் காப்பாற்ற முடியும்

பழைய பொருள் என்றாலே கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டிவிட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நாணயத்துக்கும் வாளுக்கும் அது சரி. நீராவி எஞ்சினுக்குச் சரிவராது! இதற்கு வேல்ஸ் நாட்டின் டாலிலின் ரயில்வேயே சாட்சி.

சிலேட்டுக் கல் ஏற்றிச் செல்ல 1860-களில் போடப்பட்ட குறும்பாதை இது. 1946-இல் குவாரி மூடப்பட்டது. உரிமையாளர் சர் ஹேடன் ஜோன்ஸ், தாம் உயிரோடு இருக்கும்வரை ரயிலை ஓட்டினார். 1950-இல் அவர் இறந்ததும் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட்டும் நண்பர்களும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1951 மே 14 அன்று ரயில் மீண்டும் கிளம்பியது. அப்போது ஓடும் நிலையில் இருந்தது டால்கோக் என்ற ஒரே எஞ்சின்தான். சிலிப்பர் கட்டைகள் உளுத்துப்போய், பல இடங்களில் புல்தான் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. தன்னார்வலர்கள் மீட்டு ஓட்டிய உலகின் முதல் ரயில்வே இதுவே. இன்றும் ஓடுகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ஓட ஓட எஞ்சின் தேயும். குழாய்களை மாற்ற வேண்டும், ஒருநாள் பாய்லரையே மாற்ற வேண்டும். அப்புறம் அதில் பழையது என்று என்ன மிஞ்சும்?

நியாயமான கேள்விதான். மிஞ்சுவது கைப்பழக்கம். ஆறிக்கிடக்கும் பாய்லரில் நீராவி எழப் பல மணி நேரம் ஆகும். எப்போது எவ்வளவு நிலக்கரி போடுவது, மேட்டில் ஏறும்போது தண்ணீர் மட்டத்தை எப்படிக் கவனிப்பது என்பதையெல்லாம் புத்தகம் படித்து மட்டும் கற்க முடியாது. புதிதாக வருபவர் முதலில் எஞ்சினைத் துடைக்கிறார். பிறகு ஃபயர்மேன் ஆகிறார். பல வருடம் கழித்துத்தான் டிரைவர். இந்தச் சங்கிலி ஒரு தலைமுறையில் அறுந்தால் எஞ்சின் வெறும் இரும்புதான்.

சங்கிலி அறுந்துவிடும் ஆபத்தும் நிஜமானது. பிரிட்டிஷ் ரயில்வேயின் முக்கியப் பாதைகளில் நீராவி ரயில்கள் 1968-இல் நின்றன. அன்று 20 வயது ஃபயர்மேனாக இருந்தவர் இன்று 75-ஐத் தாண்டியிருப்பார். சம்பளத்துக்கு நீராவி எஞ்சின் ஓட்டியவர்களிடம் நேரடியாகக் கற்க இன்னும் கொஞ்ச காலமே இருக்கிறது.

எனவே இந்தத் தன்னார்வலர்களை ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்காரர்கள் என்று ஒதுக்குவது தவறு. அவர்கள் ஒரு தொழிலின் கடைசி வகுப்பை நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு நன்கொடை தேவைதான். அதைவிட அவசரமான தேவை, கையில் கரி படியத் தயாரான இளைஞர்கள்!