தேதி மட்டும் பார்த்தால் போதுமா?

மருந்து அட்டையில் காலாவதித் தேதியைத் தேடிப் பார்க்கிறோம். பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் '30 டிகிரிக்குக் கீழ் வைக்கவும்' என்ற வரி கண்ணில் படுவதே இல்லை. அந்த வரியை மீறிவிட்டால் தேதியை நம்ப முடியாது. மாத்திரையிலும் ஊசிமருந்திலும் இருக்கும் வேதிப்பொருள் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சிதைகிறது. எவ்வளவு விரைவாக என்பதைச் சொல்லும் எண் வேக மாறிலி. முதல் வகை வினையாகச் சிதையும் மருந்தில் 90 விழுக்காடு எஞ்சும் காலத்தை அறிய, 0.105ஐ வேக மாறிலியால் வகுத்தால் போதும். இந்த மாறிலி வெப்பத்தோடு எப்படி ஏறுகிறது என்பதை 1889-இல் ஸ்வீடன் அறிஞர் ஸ்வாந்தே அரீனியஸ் ஒரு சமன்பாட்டில் காட்டினார். கிளர்வு ஆற்றல் மோலுக்கு 50 முதல் 85 கிலோஜூல் வரை உள்ள சிதைவு, 30 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குப் போனால் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு விரைவாகிறது. வேலூரின் மே மாதத்தில் 40 டிகிரி என்பது நிழலில் அளந்த கணக்கு. வெயிலில் நிறுத்திய லாரிக்குள் அதைவிடக் கூடுதல்.

நிறுவனங்கள்தான் 40 டிகிரியில் ஆறு மாதம் வைத்துச் சோதிக்கின்றனவே என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தச் சோதனை, குறித்த வெப்பநிலையில் மருந்து எவ்வளவு காலம் தாங்கும் என்பதை முன்கூட்டிக் கணிக்க உதவுவது. 40 டிகிரியிலேயே வைத்து விற்கலாம் என்ற அனுமதி அதில் இல்லை. அமெரிக்க ராணுவக் கையிருப்பிலிருந்த பல மருந்துகள் தேதி கடந்தும் வீரியத்தோடு இருந்ததையும் சிலர் எடுத்துக்காட்டுவர். அவை உறை பிரியாமல், முறையான சேமிப்பில் இருந்தவை. குளிர்வசதியில்லாத கடைக்கு அந்த முடிவு பொருந்தாது. பெரும்பாலான மாத்திரைகள் சில நாள் வெயிலைத் தாங்கிவிடும் என்பதை மறுக்கவில்லை. என் கவலை இன்சுலினையும், பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசினையும் பற்றியது. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய இந்த ஊசிமருந்துகள் வெப்பத்தில் வீரியம் இழந்தாலும் பார்வைக்குப் பெரும்பாலும் மாறாமலே இருக்கும். கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. வீரியமிழந்த மருந்துக்கான விலையை ஒரு தாய் தன் உயிரால் கொடுக்க நேரலாம்.

வழி ஏற்கெனவே இருக்கிறது. போலியோ சொட்டுமருந்துக் குப்பியில் 1996 முதல் ஒட்டப்படும் வெப்பங்காட்டி, பட்ட வெப்பத்தையும் நேரத்தையும் கூட்டிக் கணக்கிட்டு நிறம் மாறுகிறது. உள்சதுரம் வெளிவட்டத்தின் நிறத்தை எட்டினால் குப்பியை ஒதுக்கிவிடலாம். செலவு கூடும் என்பது நியாயமான தயக்கமே. ஆகவே எல்லா மருந்துக்கும் இதைக் கேட்கவில்லை. குளிரில் வைக்க வேண்டிய உயிர்காக்கும் ஊசிமருந்துகளுக்கு மட்டுமாவது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதைக் கட்டாயமாக்க வேண்டும். கடைகளின் குளிர்பெட்டி வெப்பநிலைப் பதிவேட்டைக் கோடையில் நேரில் வந்து பார்க்க வேண்டும்.