பத்தே நிமிடத்தில் தாம்பரம்!

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏதாவது ஒரு தமிழ்ச் சேனலைப் போட்டுப் பாருங்கள். வாரம் முழுக்க சீரியலில் அழுதுகொண்டிருந்த நடிகர், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு காலி மனைக்கு நடுவில் நின்று சிரிப்பார். "தாம்பரத்திலிருந்து பத்தே நிமிடம்! பக்கத்திலேயே ஸ்கூல், காலேஜ், ஹாஸ்பிடல்! இன்றே புக் செய்தால் தங்கக் காசு இலவசம்!" அந்தப் பத்து நிமிடத்தை எந்த வண்டியில், எத்தனை மணிக்கு அளந்தார்கள் என்று மட்டும் சொல்லவே மாட்டார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு ஆம்புலன்ஸில் போனால் ஒருவேளை வரலாம் :-)

இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சேனலை மாற்றுகிறவர்கள் உண்டு. பேனாவைத் தேடி ஃபோன் நம்பரைக் குறித்துக்கொள்கிறவர்களும் உண்டு. சென்னையில் வாடகை வீட்டில் இருக்கும் நடுத்தரக் குடும்பத்தில் யாராவது ஒருவர் கண்டிப்பாக இரண்டாவது ரகம். பெரும்பாலும் அது அப்பா.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். திருவல்லிக்கேணியில் ஒரு சந்து, மாடியில் ஒற்றை பெட்ரூம் வீடு, வாடகை 18,000. அப்பாவுக்கு அண்ணா சாலையில் வேலை, சம்பளம் 60,000. அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் வைத்து ஜாக்கெட் தைத்துக் கொடுத்து மாதம் ஆறாயிரம் பார்க்கிறார். மகள் பி.காம். கடைசி வருடம், சாயங்காலம் சி.ஏ. கோச்சிங். பையன் எட்டாவது. அப்புறம் பாட்டி. இவர்கள் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் 50 லட்சத்துக்கு இரண்டு பெட்ரூம் ஃப்ளாட் பார்க்கிறார்கள். கையில் 10 லட்சம் இருக்கிறது. மீதி 40 லட்சம் லோன்.

சைட் விசிட் வேனில் கூட்டிப்போகும் பையன் சொல்லும் வசனம் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான்: "சார், வாடகையா கொடுக்கிற காசை இ.எம்.ஐ.யா கட்டினா வீடு உங்களுக்கே சொந்தம் சார்." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்று போட்டால் 40 லட்சத்துக்கு இ.எம்.ஐ. மாதம் 34,713 ரூபாய் வருகிறது. வாடகை 18,000 எங்கே, இது எங்கே? இன்னொன்று. முதல் மாதம் கட்டும் அந்த 34,713ல் வட்டிக்கு மட்டும் போவது 28,333. அசலில் கழிவது வெறும் 6,380. அதாவது வீட்டு ஓனருக்குக் கொடுத்த வாடகை போய், வங்கிக்கு அதைவிட 10,000 அதிகமாக வாடகை! 20 வருடத்தில் மொத்தம் கட்டுவது 83 லட்சத்துக்கு மேல். புதிய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு, தாங்கள் குடியிருக்கும் வீட்டின் லோன் வட்டிக்குக் கழிவும் கிடையாது.

சரி, வீடு என்றால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும், 20 வருடம் கழித்துச் சொத்து மிஞ்சும் என்று வாதாடலாம். நியாயம்தான். பிரச்சினை இந்தக் கணக்கில் இல்லை. இந்தக் கணக்கிலேயே வராத செலவுகளில்தான் இருக்கிறது.

பி.காம். படிக்கிறவர்கள் முதல் வருடத்திலேயே 'வாய்ப்புச் செலவு' என்று ஒன்றைப் படிக்கிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால் கைவிட்ட இன்னொன்றின் மதிப்பு. இரண்டு மார்க் கேள்வி. பரீட்சையில் எழுதிவிட்டு அன்றைக்கே மறந்துவிடுவார்கள். வீடு வாங்கும்போதுதான் அது ஞாபகம் வர வேண்டும், வராது.

அப்பாவையே எடுத்துக்கொள்வோம். திருவல்லிக்கேணியிலிருந்து ஆபீஸுக்கு 25 நிமிடம், மெதுவாக நடந்தே போனால்கூட. புது வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு 25 நிமிடம், ரயிலுக்குக் காத்திருக்க 10, கடற்கரை ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், இறங்கி ஆபீஸ் போக 15. மொத்தம் ஒரு மணி 50 நிமிடம். பழைய 25 நிமிடத்தைக் கழித்தால், போக வர ஒரு நாளைக்குக் கூடுதலாக 2 மணி 50 நிமிடம். மாதம் 25 நாள் வேலை என்றால் வருடத்துக்கு 850 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 106 நாட்கள்! வருடத்தில் நாலு மாதத்துக்கு மேல் சம்பளமில்லாமல் தண்டவாளத்தின் மேல் ஒரு உத்தியோகம். அவருடைய சம்பளத்தை மணிக்கு 300 ரூபாய் என்று வைத்தால்கூட மாதம் 21,000 ரூபாய் மதிப்புள்ள நேரம். எந்த பிரோஷரிலும் இந்த வரி இருக்காது.

ஆனாலும் அப்பாவுக்காக ரொம்பப் பரிதாபப்பட வேண்டியதில்லை. கையெழுத்துப் போட்டவர் அவர். ரயிலில் சீட்டுக்கட்டு நண்பர்கள் கிடைத்துவிடுவார்கள். கையெழுத்துப் போடாதவர்கள் கதைதான் வேறு.

அம்மாவின் ஆறாயிரம் எங்கிருந்து வந்தது? அந்தச் சந்திலிருந்து. "அக்கா, வெள்ளிக்கிழமை கல்யாணம், வியாழக்கிழமைக்குள்ள வேணும்" என்று மாடிப்படியில் நின்று குரல் கொடுக்கும் பத்து இருபது வீடுகளிலிருந்து. மெஷினை லாரியில் ஏற்றலாம். அந்த வீடுகளை ஏற்ற முடியுமா? புதுக் குடியிருப்பில் வாடிக்கை பிடிக்க ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகும், பிடித்தால். வீட்டு வரவு செலவில் ஆறாயிரம் ரூபாய் ஓட்டை விழுந்திருக்கிறது. யாரும் அதை 'வீட்டின் விலை'யில் சேர்ப்பதில்லை.

பாட்டி திருவல்லிக்கேணியில் ஒரு சுதந்திர மனுஷி. பார்த்தசாரதி கோயிலுக்குத் தானே நடந்து போவார். ஜாம் பஜாரில் பேரம் பேசிக் கீரை வாங்குவார். மருந்துக் கடையில் "நாளைக்குத் தரேம்ப்பா" என்று சொல்லிவிட்டு மாத்திரை வாங்கி வருவார். யாரிடமும் பத்து ரூபாய்க்குக்கூடக் கையேந்த வேண்டாம், துணைக்கு யாரையும் கூப்பிட வேண்டாம். ஒன்பதாவது மாடியில் காற்று பிரமாதமாக வரும்தான். ஆனால் கேட்டைத் தாண்டினால் சர்வீஸ் ரோடு, அதைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. ரோடு (வரி அல்ல, நெடுஞ்சாலை), அதில் நிற்காமல் ஓடும் லாரிகள்.

"ஏண்டா, கோயிலுக்கு எப்படிப் போறது?"

"ஆட்டோ புக் பண்ணித் தரேம்மா."

"தினமுமா?"

இதற்கு மேல் அந்தப் பேச்சு எந்த வீட்டிலும் போவதில்லை.

மகள் விஷயம் இன்னும் சிக்கல். கோச்சிங் ஏழரைக்கு முடிகிறது. முன்பு எட்டு மணிக்கு வீடு. இப்போது ரயில் பிடித்து இறங்கும்போது ஒன்பதரை. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகும் ரோட்டில் பாதி தூரம் விளக்கு இல்லை. 2021ல் இருந்து சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, நல்ல திட்டம், ஆனால் பஸ் வந்தால்தானே ஏறுவதற்கு? அப்பா பைக்கோடு ஸ்டேஷன் வாசலில் காத்திருப்பார். ஒரு மாதம், இரண்டு மாதம். மூன்றாவது மாதம் சொல்வார்: "ஏம்மா, இதை ஆன்லைன்லயே படிக்க முடியாதா?" யாரும் யாரையும் திட்டவில்லை, தடுக்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் உலகம் 40 கிலோமீட்டர் சுருங்கிவிட்டது. வீட்டு லோன் 20 வருடத்தில் தீரும். இது எப்போது தீரும்?

மறுபக்கமும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இது வெறும் நகரப் பெருமை ஆகிவிடும். திருவல்லிக்கேணிச் சந்து சொர்க்கம் ஒன்றுமில்லை. அடி பம்பில் தண்ணீர் அடித்து மாடிக்குக் குடம் தூக்கியவர்களைக் கேட்டால் தெரியும். ஒற்றை பெட்ரூமில் ஐந்து பேர் படுக்க, வயதுக்கு வந்த பெண் உடை மாற்ற ஓர் இடம் தேட வேண்டியிருக்கும். "விருந்தாளி வந்தா ரெண்டு நாளுக்கு மேல தங்கக் கூடாது" என்று சொல்லும் ஓனர்கள் இருக்கிறார்கள். 'வெஜிடேரியன் மட்டும்' என்று போர்டு மாட்டி, அதன் பின்னால் சாதியையும் மதத்தையும் விசாரிக்கும் ஓனர்கள் சென்னையில் இன்றைக்கும் உண்டு. ஃப்ளாட் விற்கும் பில்டருக்குப் பெரும்பாலும் செக் பாஸானால் போதும். பல குடும்பங்களுக்குப் புறநகர் வீடு என்பது சதுர அடி இல்லை, மரியாதை. அதைக் கிண்டல் செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

புறநகர் என்றாலே மோசம் என்பதும் இல்லை. இன்றைக்கு நகரத்தின் நெஞ்சு என்று சொல்லப்படும் தி.நகரே 1920களில் ஏரியை மூடிக் கட்டிய புறநகர்தான். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்னும் இருக்கிறது, லேக்தான் இல்லை! ஆனால் தி.நகருக்கு மனை மட்டும் பிரித்துக் கொடுக்கவில்லை. பூங்கா போட்டார்கள், அகலமான தெரு போட்டார்கள். 1931லேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே மின்சார ரயில் பக்கத்து மாம்பலம் ஸ்டேஷன் வழியாக ஓட ஆரம்பித்துவிட்டது. மனிதர்கள் போன கொஞ்ச காலத்திலேயே ரயிலும் வந்துவிட்டது.

இப்போது வரிசை தலைகீழ். முதலில் பில்டர், அப்புறம் மக்கள், அப்புறம் தண்ணீர் லாரி, செப்டிக் டேங்க் லாரி, கடைசியில் முடிந்தால் பஸ். கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தை 2023 டிசம்பரில் திறந்தார்கள். தண்டவாளம் எதிரிலேயே போகிறது, ஆனால் திறந்த நாளில் அங்கே இறங்க ரயில் நிலையம் இல்லை! அரசாங்கமே கட்டும் இடத்தில் இப்படி என்றால் பில்டர் கட்டும் இடத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சட்டம் ஓரளவு முன்னேறியிருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017ல் தமிழ்நாட்டுக்கு ரெரா வந்தது. அதனால் காகிதம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு பஸ் இருக்கிறதா என்று எந்தச் சட்டமும் பில்டரைக் கேட்பதில்லை.

வேலையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டை மட்டும் நகர்த்தினால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே பெரிய சோதனை நடந்து முடிந்திருக்கிறது. நகரத்தின் கால்வாய்க் கரை, ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்களை 2000ல் இருந்து கண்ணகி நகருக்கும், அப்புறம் பெரும்பாக்கத்துக்கும் ஆயிரக்கணக்கில் கொண்டுபோய் வைத்தார்கள். கான்கிரீட் வீடு கிடைத்தது. வீட்டு வேலைக்குப் போன பெண்களில் பலருக்கு வேலை போனது, பஸ்ஸில் போய் வரும் நேரத்தில் இரண்டு வீடு பெருக்கிவிடலாம் என்பதால். பள்ளிக்கூடம் மாறிய பிள்ளைகளில் பலர் படிப்பை விட்டார்கள். அவர்களுக்குக் கணக்குப் போட்டுப் பார்க்கும் வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. அந்த வாய்ப்பு இருந்தும் போடாமல் லோன் பேப்பரில் கையெழுத்துப் போடுகிறவர்கள் நடுத்தர வர்க்கத்தினர்.

மழையை மறந்தே போயாச்சு பாருங்கள். ஃப்ளாட் விற்பனை ஏப்ரல், மே மாதத்தில் சூடு பிடிக்கும், தரை காய்ந்து கிடக்கும். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடு வாங்கியவர்கள் 2015 டிசம்பரில் அடையாறு எங்கே ஓடுகிறது என்பதை ஹாலுக்குள்ளேயே பார்த்தார்கள்.

அதனால் ஒரு யோசனை. வாங்க வேண்டும் என்று முடிவு செய்த இடத்தில், முடிந்தால் அதே குடியிருப்பில், முதலில் வாடகைக்குப் போகலாம். புறநகரில் இ.எம்.ஐ.யில் பாதிக்கும் குறைவான வாடகைக்கு அதே மாதிரி ஃப்ளாட் கிடைப்பது சாதாரணம். வழக்கமான 11 மாத ஒப்பந்தம், ஜூனில் ஆரம்பித்தால் ஒரு பள்ளி வருடமும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் அதற்குள் வந்துவிடும். வீட்டு விலை அதற்குள் ஏறிவிடுமே என்று பயம் காட்டுவார்கள். ஏறட்டும். 83 லட்ச ரூபாய்ச் சமாச்சாரத்துக்கு ஒரு வருட வாடகை பெரிய இன்சூரன்ஸ் பிரீமியம் ஒன்றுமில்லை.

அதுவும் முடியாது என்றால் சைட் விசிட்டையாவது ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு, கம்பெனி வேனில் இல்லாமல் ரயிலில் போய், ஸ்டேஷனிலிருந்து பஸ் பிடித்துப் போங்கள். மகளை இரவு ஒன்பதரைக்கு அதே வழியில் ஒரு முறை கூட்டிப்போங்கள். அம்மாவை அங்கே இருக்கும் நாலு பெண்களிடம் ஜாக்கெட் எங்கே தைக்கிறீர்கள் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். பாட்டியையும் கட்டாயம் கூட்டிப்போக வேண்டும். லிஃப்ட்டில் ஏற்றி பால்கனியைக் காட்டுவதற்கு முன்னால், கேட்டுக்கு வெளியே விட்டு, தனியாகப் போய் ஒரு கட்டு கீரை வாங்கிக்கொண்டு வரச் சொல்லிப் பார்க்கலாம்.