தட்டில் விளைந்த உப்பு



2021ஆம் ஆண்டு. கொரோனாவினால் பாடசாலைகள் மூடிக் கிடந்த நேரம். நாலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 'உப்பளம்' என்றொரு செயற்றிட்டம் வாட்ஸ்அப்பில் வந்தது. கல்பிட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த வீடொன்றில் உம்மாவே இரவிரவாக விழித்திருந்து, ரெஜிபோமில் பாத்தி வெட்டி, நீலம் பூசி, சமையலறை உப்பைக் குவித்துப் படமெடுத்து அனுப்பினார். முழுப் புள்ளியும் கிடைத்தது. "களப்புத் தண்ணீர் எப்படி மகன் உப்பாகிறது?" என்று பிள்ளையிடம் கேட்டேன். "உம்மாவுக்குத்தான் தெரியும்" என்றான். அவனுடைய உம்மாவின் வாப்பா பாலாவி உப்பளத்தில் தலை நரைத்தவர்!

அந்த உம்மாவை நான் குறை சொல்லவில்லை. புள்ளி குறைந்துவிடுமோ என்ற பயத்தில் நானும் இதைச் செய்திருக்கிறேன்.

செயற்றிட்ட முறை புதியதல்ல. அமெரிக்கரான கில்பாட்ரிக் 1918இலேயே இதைப் பற்றி எழுதினார். பிள்ளை தானே மனம் வைத்து ஒரு வேலையை எடுத்து முடிப்பதுதான் அதன் உயிர். நமது நாட்டில் 1999இல் பரவலான ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமும் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றையும் சேர்த்தே வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. பாதி வகுப்பில், பாதி வீட்டில் என்ற கலப்பு முறையில்தான் சிக்கல். வீட்டுப் பாதியை நாம் பிடுங்கிக்கொள்கிறோம்.

எரிபொருள் தட்டுப்பாட்டால் 2022 நடுப்பகுதியில் பாடசாலை கிழமைக்குச் சில நாட்களே நடந்தபோது, அதே பிள்ளையோடு வேறுவிதமாகச் செய்து பார்த்தோம். ஒரு லீற்றர் களப்புத் தண்ணீர், அகலமான தட்டு, காகம் வாய் வைக்காமலிருக்க மேலே ஒரு வலைத்துணி. அவ்வளவுதான் செலவு. மாலைதோறும் அடிமட்டத்தால் ஆழம் அளந்து எழுதுவது அவன் வேலை. "புலமைப்பரிசில் வருடத்தில் இது எதற்கு?" என்று உம்மா முணுமுணுத்தார். லீற்றர், மில்லிலீற்றர், கிராம், கழித்தல், வகுத்தல் எல்லாம் அந்தத் தட்டிலேயே இருந்ததை அவர் பிறகுதான் கவனித்தார்.

சாதாரணக் கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. களப்பில் அப்படி ஒரே கணக்கு இல்லை. வடக்கே கல்பிட்டிப் பக்கம் கடல் உள்ளே வருகிறது. கலா ஓயாவும் மீ ஓயாவும் நன்னீர் கொண்டுவருகின்றன. கோடையில் வெயில் தண்ணீரைக் குடித்துவிடுகிறது. ஆகவே கல்பிட்டிப் பிள்ளை ஒரு தட்டும், புத்தளத்துப் பிள்ளை ஒரு தட்டும் வைத்து, கடைத் தராசில் நிறுத்து, தொலைபேசியில் கணக்கைச் சொல்லிக்கொண்டால் எதில் உப்பு அதிகம், ஏன் என்று வகுப்பில் ஒரு நல்ல சண்டையே நடக்கும். தொலைபேசிக்கு அவ்வளவு வேலை போதும். உம்மாவின் வேலை, "நேற்று எவ்வளவு இருந்தது?" என்று கேட்பது மட்டும். விடை தெரிந்தாலும் வாய் திறக்கக்கூடாது. கஷ்டம்தான்!

நாலைந்து நாளில் தட்டில் வெள்ளை படிந்தது. மேலே மட்டும் கொஞ்சத் தண்ணீர் காயாமல் நின்றது. தட்டைத் தூக்கிக்கொண்டு பிள்ளை நேரே பாலாவிக்காரரிடம் போனான். "அதை வடித்துவிடு மகன். அதோடு சேர்த்துக் காயவிட்டால் உப்புக் கசக்கும்" என்றார் அவர். கசப்புக்குக் காரணம் மக்னீசிய உப்பு என்று வகுப்பில் ஆசிரியை விளக்கினாராம்.

படம் எடுக்க எல்லோரும் மறந்துவிட்டோம்.