முள்ளை மாற்றுமுன்...

இல்லமும் ஓய்வும்



பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையே இரயில் நின்று செல்லும் நெமிலிச்சேரியில் வாழ்வோருக்கு ஏரியும் தூண்டிலும் புதியவை அல்ல. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் செல்லும் வெளிவட்டச் சாலை வந்து, வயல்கள் பலவும் மனைகளாகிவிட்ட இந்நாளிலும், மழைக்காலம் கழிந்தபின் ஞாயிறு மாலைகளில் ஏரிக்கரையில் தூண்டிலோடு அமர்ந்திருக்கும் இளைஞர்களைக் காணலாம்.

அத்தகைய இளைஞன் ஒருவன் எங்கள் தெருவில் இருக்கிறான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணி புரிபவன். சில திங்களுக்கு முன் ஓர் அட்டைப் பெட்டியோடு என்னிடம் வந்தான். கனடாவில் குடியேறிய அவனுடைய பெரியப்பா விடுமுறையில் வந்தபோது தந்த பரிசு அது. உள்ளே ஒரு சாண் நீளத்தில், மரத்தில் கடைந்து வண்ணம் தீட்டிய போலி மீன் ஒன்று இருந்தது. வயிற்றில் இரண்டு, வாலில் ஒன்று என மும்முனை முட்கள் மூன்று அதில் தொங்கின. மூன்றும் துருவேறியிருந்தன.

“மாமா, இதற்குப் புது முள் மாட்ட வேண்டும். கிடைப்பதிலேயே பெரிய முள் எதுவென்று சொல்லுங்கள். இதைக் கொண்டு விரால் பிடிக்கப் போகிறேன்” என்றான்.

“தம்பி, இது எந்த மீனுக்காகச் செய்தது என்று பெரியப்பாவிடம் கேட்டாயா?” என்றேன்.

கேட்டிருந்தான். வட அமெரிக்காவின் ஏரிகளில் வாழும் ‘மஸ்கி’ என்னும் மீனுக்கானது அது. ஒரு மீட்டரையும் தாண்டி வளரக்கூடிய மீன். செடிகளின் நிழலில் அசையாது பதுங்கியிருந்து, இரை அருகில் வந்ததும் பாய்ந்து கவ்வும் இயல்புடையது. அது எளிதில் அகப்படாது. பதினாயிரம் முறை வீசினால்தான் ஒரு மஸ்கி கிட்டும் என்று அந்நாட்டுத் தூண்டிற்காரர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். பதுங்கிப் பாய்வதில் நம் விராலும் அதற்குச் சளைத்ததன்று. ஆயினும் உடலளவிலும் வாழும் நீரிலும் இரண்டிற்கும் வேற்றுமை மிகுதி. இதை நான் விளக்கி முடிப்பதற்குள் அவன் வேலைக்கு நேரமாயிற்றென்று புறப்பட்டுவிட்டான்.

அடுத்த வாரமே மிகப் பெரிய மும்முனை முட்கள் மூன்றை வாங்கி மாட்டிவிட்டான். விளைவு என்ன? மிதக்க வேண்டிய மரமீன் நீரில் தலைகீழாக அமிழ்ந்தது. முன்முள்ளும் நடுமுள்ளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. மூன்றாம் வீச்சில் ஆகாயத்தாமரைக் கொத்தில் சிக்கி, அதை விடுவிக்க இடுப்பளவு நீரில் இறங்க வேண்டியதாயிற்று.

அதோடு முடிந்திருந்தால் நன்று. அன்றிரவு அவன் அந்த மரமீனை உணவு மேசைமேல் வைத்துவிட்டுக் கைகழுவச் சென்றான். எட்டு வயதுத் தங்கை அதன் வண்ணத்தில் மயங்கிக் கையில் எடுத்தாள். முள் ஒன்று அவள் சுட்டுவிரலில் ஏறிற்று. குழந்தை கையை உதறவே இன்னும் ஆழப் பதிந்தது. அலறல் கேட்டு ஓடி வந்தவன் பதற்றத்தில் முள்ளைப் பின்னோக்கி இழுக்கப் பார்த்தான், அது வரவில்லை. நல்லவேளையாக அவன் அன்னை தடுத்து, மரமீனை முள்ளிலிருந்து கழற்றச் செய்து, விரலைத் துணியால் தளர மூடி, குழந்தையை மருத்துவரிடம் தூக்கிச் சென்றார். அவர் விரலை மரத்துப்போகச் செய்து முள்ளை எடுத்து, டெட்டனஸ் தடுப்பூசியும் போட்டு அனுப்பினார்.

மறுநாள் அவன் வந்தபோது முகம் வாடியிருந்தது. “மாமா, அன்று நீங்கள் சொல்ல வந்ததை இப்போது சொல்லுங்கள்” என்றான். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். தூண்டில் உள்ள இல்லங்கள் பல நம்மிடையே உண்டல்லவா?

முதலாவது, எண். முட்களின் அளவை எண்ணால் குறிப்பார்கள். 1, 2, 4, 6, 8 என எண் ஏற ஏற முள் சிறுத்துக்கொண்டே போகும். 1/0, 2/0, 3/0 என்று சுழியோடு எழுதினால் ஏற ஏறப் பெருக்கும். ஆனால் ஒரு நிறுவனத்தின் 2/0 மற்றொரு நிறுவனத்தின் 2/0-க்கு அப்படியே ஒத்திராது. ஆகையால் பழைய முள்ளைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குவதே முறை.

இரண்டாவது, கனம். உறையின்மேல் 2எக்ஸ், 4எக்ஸ் என்று அச்சிட்டிருந்தால், கம்பி வழக்கத்தைவிடத் தடித்தது என்று பொருள். தடித்த முள் எளிதில் நிமிராது. ஆனால் மீனின் வாயில் இறங்க மிகுந்த விசை வேண்டும். மஸ்கிக்குரிய கனத்த கோலும் நரம்பும் அவ்விசையைத் தரும். நம் இளைஞனின் மெல்லிய கோல் தராது. கோலுக்கும் நரம்புக்கும் ஏற்ற முள்ளே உறுதியான முள்.

மூன்றாவது, எடை. போலி மீன் மிதப்பதும் நெளிவதும் அதைச் செய்தவர் கணக்கிட்ட எடையால்தான். பழைய முட்களையும் புதிய முட்களையும் சிறு தராசில் நிறுத்துப் பாருங்கள். தராசு இல்லையேல், ஏரிக்குச் செல்லுமுன் வீட்டுத் தொட்டி நீரிலே மிதக்கவிட்டுப் பாருங்கள். முன்முள்ளை வாலை நோக்கியும், பின்முள்ளைத் தலையை நோக்கியும் திருப்பினால் ஒன்றையொன்று தொடலாகாது. அதேசமயம் முள்ளின் வளைவு குறுகி, முனை மரமீனின் உடலோடு ஒட்டிவிடவும் கூடாது.

நான்காவது, மும்முனை வேண்டுமா என்பது. தெளிந்த நீரில் அது பயன்படும். தாமரையும் ஆகாயத்தாமரையும் பாசியும் அடர்ந்த நம் ஏரிகளில் மூன்று முனைகளும் மீனுக்கு முன் செடியையே பிடிக்கும். விராலுக்கென விற்கும் ரப்பர் தவளையைப் பாருங்கள். அதன் இரட்டை முள்ளின் முனைகள் முதுகோடு ஒட்டிக் கிடக்கும். விரால் கவ்வி அமுக்கினால்தான் வெளிப்படும். அதில் மும்முனை முள்ளை மாட்டுவது அதன் பயனையே கெடுப்பதாகும். மரமீனிலும் மும்முனையை நீக்கி ஒற்றை முள் மாட்டலாம். ஆனால் சாதாரண ஒற்றை முள்ளை வளையத்தில் கோத்தால் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். காது திருப்பி அமைக்கப்பட்ட ஒற்றை முட்கள் இதற்கென்றே கிடைக்கின்றன. முள்ளைக் கோக்கும் இரட்டைச் சுற்று வளையமும் துருப்பிடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

ஐந்தாவது, கூர்மை. முனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் மெல்ல வைத்து நகர்த்துங்கள். வழுக்கினால் மழுங்கிய முள். நகத்தில் பற்றி நின்றால் கூரிய முள். விராலின் வாய் எலும்புக் கடினம் உடையதாதலால், பருமனைவிடக் கூர்மையே அங்குப் பயன்படும்.

ஆறாவது, எதிர்முள். முனைக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நிற்கும் அச்சிறு செதுக்கலே, ஏறிய முள்ளை மீளவிடாமல் தடுப்பது. குழந்தையின் விரலை வதைத்ததும் அதுவே. குறடால் அதை நசுக்கித் தட்டையாக்கிவிடலாம். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் பெரும்பாலும் தப்பாது. தப்பினாலும் நட்டம் ஒரு மீன்தான்.

மீனையும் எண்ண வேண்டும். நரம்பு அறுந்தால் முள் அதன் வாயிலேயே தங்கும். எதிர்முள் இல்லாத முள் எளிதில் கழன்று விழும். துருவேறாத எஃகு முள்ளோ நெடுநாள் அழியாது. மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் திரளாக நீர்மட்டத்தில் நெளிவதைக் கண்டால் அங்கே தூண்டில் வீசாதீர்கள். கீழே தாய் தந்தை விரால்கள் காவல் நிற்கும். அவற்றைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். பல ஏரிகள் மீன்பாசிக் குத்தகைக்கு விடப்பட்டவை. முன்கூட்டியே கேட்டு அனுமதி பெறுங்கள்.

நற்செய்தி நூல்களில் மீன்பிடிப்பு என்றாலே பெரும்பாலும் வலைதான். மத்தேயு நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில் மட்டும், வரி செலுத்த வேண்டி இராயப்பர் கடலுக்குச் சென்று தூண்டில் போடும்படி பணிக்கப்படுகிறார். தேவைக்கு ஒரு மீன்; அதற்கு ஒரு முள் போதுமாயிருந்தது.

அன்னையர் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: எதிர்முள் தோலுக்குள் புகுந்துவிட்டால் இழுக்காதீர்கள். நரம்பை அறுத்து, முள் அசையாமல் மூடி, மருத்துவரிடம் செல்லுங்கள். கண்ணிலோ கண்ணருகிலோ குத்தினால் எதையும் தொடாமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

நம் இளைஞன் மரமீனில் நடுமுள்ளை நீக்கிவிட்டு, முன்னும் பின்னும் எதிர்முள் நசுக்கிய ஒற்றை முட்களை மாட்டினான். தொட்டியில் போட்டான், நேராக மிதந்தது. முனைகளுக்குத் தக்கைத் துண்டுகளைச் செருகி, மூடியுள்ள பெட்டியில் வைத்து அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டான். தங்கையின் விரலும் ஆறிவிட்டது. சென்ற ஞாயிறு இருவரும் கரையில் அமர்ந்திருக்கக் கண்டேன். “இன்னும் ஒன்றும் அகப்படவில்லை மாமா” என்றான் அவன். “பதினாயிரத்தில் நாற்பது முறை வீசியாயிற்று” என்று எண்ணிச் சொன்னாள் தங்கை.