மலை ஓட்டு மலிவு ஓட்டா?



ஏற்காட்டு மலைக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர்கள் உங்களில் உண்டு. காப்பிக்கொட்டையும் மிளகும் விலை பேசி இறக்கிக் கொண்டு வருகிறவர்களும் உண்டு. வெள்ளக்கடை வரை போய்த் திரும்பிய பிறகு, சேலத்து டீக்கடையில் உட்கார்ந்து, “மலைக்காரனுக்கு என்ன தெரியும்? இலையைக் கண்டால் குத்துவான், காசைக் கண்டால் போடுவான்” என்று சொல்வோரும் உண்டு. இந்தப் பேச்சு சரிதானா? கணக்கை எடுத்துப் பார்ப்போம். கணக்கு பார்ப்பது வணிகருக்குப் புதிதல்லவே!

ஏற்காடு, பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. 2008 மறுசீரமைப்புக்குப் பின் தமிழகத்தின் 234 தொகுதிகளில் இப்படி ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டுதான், மற்றது சேந்தமங்கலம். சேர்வராயன் மலை மட்டுமே தொகுதி என்று எண்ணிவிடாதீர்கள். வாழப்பாடிப் பக்கத்துச் சமவெளி ஊர்களும் இதில் சேர்ந்தவை. ஆகவே இங்கே வரும் வெற்றியும் தோல்வியும் மலைக்காரரின் கைவேலை மட்டுமல்ல.

1977 முதல் 2021 வரை நடந்த 11 பொதுத் தேர்தல்களில் 9 முறை அ.தி.மு.க. பக்கமே வெற்றி. 1996, 2006 ஆகிய இரண்டு முறை தி.மு.க. வென்றது. “பார்த்தீர்களா, இலைக்கு அடிமை!” என்பீர்கள். அவசரப்படாதீர்கள். 1989இல் இரட்டை இலையே இல்லை! கட்சி இரண்டாகப் பிளந்து சின்னம் முடக்கப்பட்டிருந்தது. ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. மாநிலமெங்கும் சூரியன் உதித்து, 13 ஆண்டுகளுக்குப் பின் தி.மு.க. ஆட்சிக்கு வந்த தேர்தல் அது. அந்த அலையில் ஏற்காடு சேவலைத் தேர்ந்தெடுத்தது. சின்னத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக் குத்துகிறவன், புதுச் சின்னத்தை எப்படித் தேடிக் கண்டுபிடித்தான்?

காசுப் பேச்சுக்கு வருவோம். எல்லோரும் எடுத்துக்காட்டுவது 2013 இடைத்தேர்தலை. சட்டமன்ற உறுப்பினர் பெருமாள் மறைந்ததால் அந்த டிசம்பரில் வந்தது. அ.தி.மு.க. 1,42,771, தி.மு.க. 64,655, வித்தியாசம் 78,116! அமைச்சர் பெருமக்கள் ஊர் ஊராக முகாமிட்டிருந்த தேர்தல். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மலைக்கு விலைச்சீட்டு ஒட்டினார்கள். ஆனால் இரண்டரை ஆண்டு கழித்து, 2016இல் என்ன ஆயிற்று? வித்தியாசம் 17,394 ஆகச் சுருங்கிவிட்டது. இடைத்தேர்தலில் ஆளும் கட்சி வெல்வது தமிழகத்தின் பழைய வழக்கம். சமவெளியில் நடந்தால் அதற்குப் பெயர் ராஜதந்திரம். மலையில் நடந்தால் அறியாமையா? அதே 2013இல் “இவர்களில் எவரும் வேண்டாம்” என்ற பொத்தான் தமிழகத்துக்குப் புதிது. 4,431 பேர் அதை அழுத்தினார்கள். அறியாதவர்கள் செய்கிற காரியமா இது?

2021இல் மாநில ஆட்சி மாறியது, ஏற்காடு மாறவில்லை. உடனே மலையைக் குறை சொன்னார்கள். சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் 10 அந்தக் கூட்டணிக்கே போயின என்பதை ஏனோ மறந்துவிட்டார்கள். படித்தவர் நிறைந்த நகரத்துத் தொகுதிகளும் அந்தப் பத்தில் உண்டு.

இந்தப் பழிப்பு நமக்குப் புதியதா, சகோதரர்களே? “ஓட்டு வங்கி” என்று நம் தெருக்களைச் சுட்டிப் பேசும்போது நம் நெஞ்சு கொதிக்கிறதே! அதே சொல்லை வெள்ளக்கடைக்காரர் மீது எறிய நமக்கு எப்படி மனம் வருகிறது?

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் எலியட் என்ற மலைநாட்டுக் கவுண்டி. (கவுண்டி என்றால் நம் வட்டம் போல ஒரு நிர்வாகப் பிரிவு.) 1872 முதல் 2012 வரை எல்லா அதிபர் தேர்தலிலும் ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டளித்த ஊர். ‘அது நம் கோட்டை’ என்று கட்சி நிம்மதியாக இருந்தது. 2016இல் சுமார் 70 விழுக்காடு ஓட்டு டிரம்புக்குப் போனது! 140 ஆண்டுப் பழக்கம் ஒரே தேர்தலில் முடிந்தது. கோட்டை என்று பெயர் வைத்தவர்கள் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

மலைக்காரருக்குக் கேட்க வேண்டியவை ஏராளம். தமிழகத்தில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. அதனால் மற்ற மாநிலப் பழங்குடிக் கிராமசபைகளுக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டம் தந்த தனி அதிகாரம் இங்கே கிடையாது. சேலத்தில் பழங்குடியாக இருக்கும் மலையாளி இனத்தவர், ஈரோட்டின் பர்கூர் மலையில் அந்தப் பட்டியலில் இல்லை என்று சாதிச் சான்றுக்கு நீண்ட காலம் போராடி வந்திருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இருக்கிறது; அதன்படி பட்டா கேட்டு நடக்க வேண்டியிருக்கிறது. ஒதுக்கப்பட்ட தொகுதியின் உறுப்பினர்தான் இவற்றையெல்லாம் கோட்டையில் பேச வேண்டியவர். அவரோ கட்சி நிறுத்தியவர். கட்சி கொறடாவுக்குக் கட்டுப்பட்டவர். குறையைச் சொல்வதானால் இங்கே சொல்லுங்கள்.

அடுத்த முறை மலை ஏறும்போது விலை பேசி முடித்த கையோடு, பட்டா வந்ததா, பிள்ளைக்குச் சான்று கிடைத்ததா என்றும் கேளுங்கள். உள்ளாட்சித் தேர்தலைப் பற்றியும் பேச்சுக் கொடுங்கள். 2019 டிசம்பரில் சேலம் மாவட்டக் கிராமத்து வாக்காளர் ஒவ்வொருவர் கையிலும் நான்கு ஓட்டுச்சீட்டு. ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் கட்சிச் சின்னம். வார்டுக்கும் ஊராட்சித் தலைவருக்கும் கட்சி கிடையாது. அந்த நான்கையும் எப்படிப் பிரித்துப் போட்டார் என்று வெள்ளக்கடைக்காரர் ஒருவர் சொல்லக் கேளுங்கள். டீக்கடைக்குப் பிறகு வரலாம்.