ஆளுக்கொரு பெட்டி வேண்டாம், வீட்டுக்கு ஒன்று போதும்

"மச்சி, பிள்ளைங்களுக்கு ஒரு வி.ஆர். வாங்கலாம்னு இருக்கேன். விலை கம்மியா எது நல்லது?"

ஐ.டி.யில் வேலை பார்க்கிறவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். துபாய் ஷாப்பிங் ஃபெஸ்டிவல் தொடங்கினாலோ, பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை விட்டாலோ இன்னும் அதிகமாக வரும். வெளியே 45 டிகிரி கொளுத்துகிற ஜூலை மாதத்தில், ஒற்றை பெட்ரூம் ஃபிளாட்டுக்குள் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடுகிற பெற்றோர் வேறு என்னதான் யோசிப்பார்கள்? நானும் அப்படித்தான் யோசித்தேன், வாங்கினேன். கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகிறது. இனி கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாக பதில் சொல்வதற்குப் பதில் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் விலை. ஆப்பிளின் விஷன் ப்ரோ 2024 பிப்ரவரியில் 3,499 டாலருக்கு வந்தது. அது நம்ம வீட்டுக் கதை இல்லை, விட்டுவிடலாம். அதே ஆண்டு அக்டோபரில் மெட்டா நிறுவனம் குவெஸ்ட் 3எஸ் என்ற மாடலை 299.99 டாலருக்குக் கொண்டுவந்தது. அப்போது நம்ம கணக்கில் சுமார் 1,100 திர்ஹம். கடைக்குக் கடை இது கூடும், குறையும். ஆனாலும் சீசன் இல்லாத நேரத்தில் ஒரு ஆள் ஊருக்குப் போய்வரும் டிக்கெட் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற பிராசசர், அண்ணன் குவெஸ்ட் 3-இல் இருக்கிற அதே ஸ்னாப்டிராகன்தான். லென்ஸும் திரையும் மட்டும் 2020-இல் வந்த குவெஸ்ட் 2-இன் தரத்தில் இருக்கும். குடும்பத்துக்கு இது தாராளமாகப் போதும்.

இவ்வளவு கம்மியாக ஏன் கொடுக்கிறார்கள்? தர்மம் செய்வதற்கு இல்லை. மெட்டாவின் இந்தப் பிரிவுக்கு 2024-இல் மட்டும் 1,700 கோடி டாலருக்கு மேல் நட்டம். பெட்டியை விற்றுச் சம்பாதிப்பது அவர்கள் திட்டம் இல்லை. உள்ளே இருக்கிற கடையில் நீங்கள் வாங்கும் ஒவ்வொரு கேமிலும் 30 சதவீதம் அவர்களுக்குப் போகிறது. கணக்கு தொடங்காமல் பெட்டி வேலை செய்யாது. எனவே பெட்டியின் விலை என்பது தலைவாசல் டிக்கெட் மட்டும்தான். நாலு நல்ல கேம், கண்ணாடி போடுகிறவருக்குத் தனி லென்ஸ், தலையில் நிற்கிற மாதிரி ஒரு நல்ல பட்டை என்று சேர்த்தால் இன்னொரு பாதி விலை ஆகிவிடும்.

செகண்ட் ஹேண்டில் 400 திர்ஹத்துக்கு வருதே என்று ஆசைப்படுகிறவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, மாடல் எத்தனை வருடம் பழசு என்று. 2019 மே மாதம் வந்த முதல் குவெஸ்ட்டுக்கு 2024 ஆகஸ்டோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. இந்தச் சாமானின் ஆயுள் அவ்வளவுதான், கிரைண்டர் மாதிரி பதினைந்து வருடம் உழைக்காது. இரண்டு, லென்ஸைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள். அந்த லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி. சூரிய வெளிச்சம் அதன் வழியாக உள்ளே விழுந்தால் திரையில் கருகின புள்ளி விழும், அதைச் சரிசெய்ய முடியாது. ஜன்னலோரம் வைப்பதும் காருக்குள் விட்டுவிட்டு லூலூவுக்குள் போவதும் நம்ம ஊர் வெயிலில் கூடவே கூடாது.

இடமும் முக்கியம். நின்று ஆடுகிற கேமுக்கு இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலி இடம் வேண்டும் என்கிறார்கள். ஷார்ஜாவில், கராமாவில், அல் நஹ்தாவில் வாடகை கொடுக்கிறவர்களுக்கு அந்த நான்கு சதுர மீட்டரின் மதிப்பு தெரியும். எங்கள் வீட்டில் டீபாயைத் தூக்கி பால்கனியில் வைத்த பிறகுதான் விளையாட்டே ஆரம்பிக்கும். ஷேரிங்கில் இருக்கிற பேச்சிலர் தம்பிகள் உட்கார்ந்து படம் பார்க்க வாங்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்று, இதை வைத்து ஊருக்குப் பேசலாம் என்ற நினைப்பில் யாரும் வாங்க வேண்டாம். இணையவழிக் குரல் அழைப்புக்கு அமீரகத்தில் அனுமதி பெற்ற செயலிகள்தான் என்பது வாட்ஸ்அப் காலுக்குத் தவித்த நமக்குத் தெரியாததில்லை. அந்த விதி இந்தப் பெட்டிக்கு மட்டும் தளர்ந்துவிடாது.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். மெட்டா தன் குறைந்தபட்ச வயதை 2023-இல் 13-இலிருந்து 10 ஆகக் குறைத்தது. 10 முதல் 12 வயது வரை பெற்றோர் கட்டுப்பாட்டில் உள்ள கணக்கு வேண்டும். குறைத்துவிட்டார்கள் என்பதற்காக நாம் இன்னும் குறைக்கக் கூடாது. இந்த மாடலில் இரண்டு லென்ஸுக்கும் இடையிலான தூரம் 58, 63, 68 மில்லிமீட்டர் என்று மூன்றே நிலைதான். சின்னக் குழந்தைகளின் கண் இடைவெளி அதைவிடக் குறைவு. எடையும் அரைக் கிலோவுக்கு மேல். என் மகளுக்கு 11 வயது, அரை மணி நேரம் அனுமதி. மகனுக்கு 6 வயது, அவனுக்கு இல்லை. அவன் அழுதான். அழட்டும் என்று விட்டேன்.

ஆனால் அவன் ஏன் அழுதான் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. கேம் கிடைக்கவில்லை என்று அவன் அழவில்லை. "அக்கா என்னைப் பாக்க மாட்டேங்கிறா" என்றான். சரியாகத்தான் சொன்னான். டி.வி. என்றால் நாலு பேர் சேர்ந்து பார்க்கலாம். கேரம் போர்டு என்றால் சண்டையாவது போடலாம். இதைத் தலையில் மாட்டியவர் வீட்டில் இருந்தும் இல்லாதவர். என் மனைவி ஒருநாள் சொன்னாள்: "ஏங்க, ஏற்கெனவே பாதிச் சொந்தம் போனுக்குள்ள இருக்கு. வீட்டுல இருக்கிற நாலு பேரையும் பெட்டிக்குள்ள அனுப்பணுமா?"

அன்றைக்கு ஒரு சட்டம் போட்டோம். யார் மாட்டினாலும் அவர்கள் பார்ப்பது டி.வி.யில் தெரிய வேண்டும். அந்த வசதி அதிலேயே இருக்கிறது, ஒரே வைஃபையில் இருந்தால் போதும். இப்போது மகள் உள்ளே பந்தை அடித்தால் வெளியே தம்பி "லெஃப்ட்ல பாரு, லெஃப்ட்ல பாரு" என்று கத்துகிறான். தனி ஆள் விளையாட்டு வீட்டு விளையாட்டாக மாறியது அந்த ஒரு பட்டனில்தான். ஆளுக்கொன்று வாங்கியிருந்தால் அது நடந்திருக்காது.

இந்தப் பெட்டியின் உண்மையான பயனை நான் கண்டது துபாயில் இல்லை, பட்டுக்கோட்டை பக்கத்தில் எங்கள் ஊரில்.

போன விடுமுறைக்கு முன்னால் நண்பனிடம் ஒரு 360 டிகிரி கேமரா இரவல் வாங்கி, எங்கள் ஃபிளாட்டின் நடுவில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, பத்து நிமிடம் எங்கள் சாயங்காலத்தைப் பதிவு செய்தேன். மகள் வீட்டுப்பாடம் எழுதுகிறாள், மகன் ஓடுகிறான், மனைவி தோசை ஊற்றுகிறாள். ஊரில் நெட் கிடைக்குமோ கிடைக்காதோ என்று ஃபைலை ஹெட்செட்டிலேயே ஏற்றி எடுத்துப் போனேன். பேட்டரி உள்ள சாமான் என்பதால் கையோடு கேபினில்.

விசா எடுத்துத் தருகிறேன் என்று எத்தனையோ முறை கூப்பிட்டும் முட்டிவலியால் அம்மா இங்கே வந்ததே இல்லை. நாற்காலியில் உட்காரவைத்து மாட்டிவிட்டேன். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேரனைத் தொட கை நீட்டினார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இவ்வளவுதானா வீடு?"

எனக்குச் சுருக்கென்றது. வீடியோ காலில் இத்தனை வருடமாக நான் காட்டியது ஒரே ஒரு சுவர். சோபாவும் பின்னால் திரைச்சீலையும் தெரிகிற சுவர். எந்தப் பக்கம் காட்டுவது, எதை மறைப்பது என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம். 360 கேமராவுக்கு மறைக்கத் தெரியாது. மடித்து வைத்த மெத்தை, கதவுக்குப் பின்னால் அடுக்கிய சூட்கேஸ், எல்லாம் தெரிந்தது.

அம்மா கழற்றிவிட்டு அடுத்து கேட்டதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "உங்கப்பா இருந்த ரூமும் இப்படித்தான் இருந்திருக்குமா?"

அப்பா 90-களில் ஷார்ஜாவில் இருந்தவர். போன் செய்ய காசு கட்டுப்படியாகாத காலம். டேப் ரெக்கார்டரில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கேசட் கொடுத்து அனுப்புவார். நாங்களும் ஒரு பக்கம் பேசி அனுப்புவோம். போட்டோவும் வரும், ஸ்டுடியோவில் கோட்டு போட்டு எடுத்தது. அவர் எத்தனை பேரோடு ஒரே அறையில் படுத்தார் என்பதை அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இப்போது கேட்பதற்கு அவர் இல்லை.

2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் நடந்த கல்யாணம் நினைவிருக்கிறதா? கொரோனா கட்டுப்பாடு இருந்த நேரம். தாலி கட்டியது ஊரில், வரவேற்பு வைத்தது மெட்டாவெர்ஸில். இறந்துபோன பெண்ணின் அப்பா அவதாரமாக வந்து மணமக்களை ஆசீர்வதித்தார். அப்போது அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். இப்போது சிரிக்க மாட்டேன். வர முடியாதவரை வரவழைக்க நினைப்பது நம்ம ஆட்களின் ஆதி ஆசை. கேசட்டும் அதற்குத்தான், இதுவும் அதற்குத்தான்.

அதே 2022 ஜூலையில் துபாய் அரசு மெட்டாவெர்ஸ் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2030-க்குள் 40,000 மெய்நிகர் வேலைகள் என்பது இலக்கு. பெரிய பேச்சு பேசுகிறவர்கள் பேசட்டும். நம்ம தரப்பில் செய்யக்கூடியது சின்ன வேலை. கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறந்தாயிற்று. தஞ்சைப் பெரிய கோயில் அங்கேயே இருக்கிறது. என் மகள் இந்தப் பெட்டிக்குள் எகிப்துப் பிரமிடுக்குப் போய்வந்துவிட்டாள். தமிழில் பேசி கீழடிக்குழியைச் சுற்றிக்காட்டுகிற, தரமான 360 படம் ஒன்றைத் தேடி நான்தான் களைத்துப்போனேன். வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளை மனதில் வைத்தே 2001-இல் தொடங்கப்பட்டது தமிழ் இணையக் கல்விக்கழகம். இது அவர்கள் கையிலெடுக்க வேண்டிய வேலை. வளைகுடாவின் தமிழ்ச் சங்கங்களும் ஆண்டுக்கொரு நட்சத்திர இரவு நடத்துகிற காசில் கொஞ்சம் இதற்கு ஒதுக்கலாம்.

சரி, வாங்கலாமா? வீட்டில் 10 வயது தாண்டிய பிள்ளை இருந்தால், நான்கு சதுர மீட்டர் இடம் இருந்தால், கடன் அட்டையில் தவணை போடாமல் கையில் காசு இருந்தால், வாங்குங்கள். ஒன்றே ஒன்று. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், இந்தச் சாமான் ஓடிப்போகாது.

வாங்கினால் கேம் வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். 360 கேமரா ஒன்றை இரவல் வாங்கி, ஊரில் பெற்றவர்கள் இருக்கும்போதே அவர்கள் வீட்டுத் திண்ணையையும் அடுப்படியையும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பதிந்து வையுங்கள். உங்கள் வீட்டையும் பதிந்து அவர்களுக்குக் காட்டுங்கள். நாலு சுவரும் தெரியட்டும்.