“அம்மா, எரிகிறது!”



டாக்குரியாவின் புழுக்கத்தில் பள்ளியிலிருந்து திரும்பும் உங்கள் சிறுமகள், “சிறுநீர் கழித்தால் எரிகிறது, அம்மா” என்றால் கடிந்துகொள்ளாதீர்கள்; வெட்கத்தினால் மறைத்தும் வையாதீர்கள்.

சிறுமியரின் அந்தரங்கத் தோல் மிக மெல்லியது. சோப்பு நுரையும், வியர்வையில் நனைந்த இறுக்கமான நைலான் உள்ளாடையும் அதைப் புண்படுத்தும். வெறும் தண்ணீரால், முன்னிருந்து பின்னாகக் கழுவப் பழக்குங்கள். தளர்ந்த பருத்தி உள்ளாடையை அணிவியுங்கள். பள்ளிக் கழிப்பறைக்கு அஞ்சிச் சிறுநீரை அடக்குகிறாளா, மலச்சிக்கல் உண்டா என்றும் விசாரியுங்கள். இவ்விரண்டும் நோய்த்தொற்றுக்கு வழிதிறக்கும்.

எரிச்சல் ஒருநாளில் தணியாவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். காய்ச்சல், வாந்தி, இடுப்புவலி, சிறுநீரில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் உடனே செல்லுங்கள். வங்காளம் வராதென்று தயங்காதீர்கள்; “ப்ரொஸ்ராபே ஜாலா” என்றால் விளங்கிவிடும். வீட்டில் மிஞ்சிய மாத்திரையைக் கொடாதீர்கள். சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுக்குமுன் ஆன்டிபயாடிக் உட்கொண்டால், எந்தக் கிருமி என்பது தெரியாமற் போகலாம்.

எவரேனும் தகாதவிதமாய்த் தொட்டதாக அவள் சொன்னால், அதை நம்புங்கள்; 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

அவள் உங்களிடம் முதலில் சொன்னது நம்பிக்கையினாலே. அந்த நம்பிக்கையைக் காத்துக்கொள்ளுங்கள்.